உப்பளத்தில் முடிந்த விரதம்

புரட்டாசி சனிக்கிழமை, காலை ஆறு மணி. நானும் உங்கள் மாமா சேகரும் திருத்துறைப்பூண்டியிலிருந்து சைக்கிளில் கிளம்பினோம். வேதாரண்யம் உப்பளம் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். உப்பு எப்படி விளைகிறது என்று நீங்கள் கேட்டீர்களே, பிள்ளைகளா, அதைப் பார்க்கத்தான். அன்று எனக்குப் பெருமாள் விரதம். ராத்திரி வரை தண்ணீர் மட்டும்.

"சைக்கிள் மிதிக்கிற அன்னிக்கா அத்தான் விரதம்?" என்றான் சேகர்.

"தண்ணி குடிச்சாப் போதும்டா" என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

ஏழேகால். ஒரு டீக்கடையில் அவன் நாலு இட்லி சாப்பிட்டான். நான் நாற்பது ரூபாய்க்கு இரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கி, ஒன்றை அங்கேயே காலி செய்தேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு லிட்டர் ஏற்கெனவே பாதி தீர்ந்திருந்தது.

எட்டரை. எதிர்க்காற்று. சட்டை நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்தது. பின்னால் வந்த சேகர் சிரித்தான். "அத்தான், முதுகெல்லாம் வெள்ளைக் கோடு. இங்கயே ஒரு உப்புப் பாத்தி கட்டிடலாம் போல."

ஒன்பதே முக்கால். உப்பளம். பாத்திகளில் நிறுத்திய உப்புத் தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போக, அடியில் உப்பு தங்குகிறது. அதை வாரிக் குவிக்கிறார்கள். இவ்வளவுதான் பார்த்தேன். தலை வலித்தது, வயிற்றைப் புரட்டியது, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நாலு லிட்டர் குடித்தவனுக்கு எப்படி மயக்கம் வரும்?

உப்பு வாரிக்கொண்டிருந்த மாரியம்மாள் என்ற அக்கா தூக்குவாளியோடு வந்தார். உள்ளே நீராகாரம். அதில் உப்புப் போட்டுக் கலக்கினார். சுற்றிலும் உப்பு மலை, அதன் நடுவில் இன்னும் உப்பா என்று பார்த்தேன்.

"வேணாங்க. இன்னிக்கு விரதம்."

"உப்பளத்துக்கு வந்து உப்பில்லாம சாயறீங்களே. வேர்வையில தண்ணி மட்டுமா போச்சு? உப்பும்தான போச்சு. வெறும் தண்ணியா ஊத்துனா மிச்சமிருக்கறதும் நீர்த்துப் போயிடும்."

"ஒன்பது வருஷமா விட்டதில்லங்க."

"பெருமாளு கோச்சுக்க மாட்டாரு. நீங்க விழுந்தா தூக்கறது நாங்க."

சேகர் சிரிக்கவில்லை. "குடிங்க அத்தான். தெளியலன்னா நேரா ஆஸ்பத்திரிதான்." அவன் முகத்தில் பயத்தைப் பார்த்த பிறகுதான் தூக்குவாளியை வாங்கினேன்.

மடக்கென்று குடிக்க அந்த அக்கா விடவில்லை. வாய் வாயாகக் குடித்தேன். அடியில் கிடந்த சோற்றையும் தின்றேன். கொட்டகை நிழலில் ஒரு மணி நேரம் படுத்திருந்ததும் தலை தெளிந்தது.

வெயில் தாழ்ந்து நாலு மணிக்குத் திரும்பினோம். தாகம் எடுத்தபோது நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தோம். வழியில் உப்புப் போட்ட மோரும் வடையும். காலையில் மூன்றே முக்கால் மணி நேரம் பிடித்த வழிதான். அதே நேரம்தான் ஆனது, ஆனால் கால் இழுக்கவில்லை.

வீட்டில் உங்கள் அம்மா இலை போட்டு, "விரதம் முடிச்சுக்கலாமா?" என்றாள்.

"காலையிலயே முடிஞ்சிருச்சு" என்று நடந்ததைச் சொன்னேன். அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் விரதம் உண்டு. அன்றைக்குச் சைக்கிளை மட்டும் எடுக்க மாட்டேன்.