மாமரத்து அடிக்கட்டை

தைப்பூசம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் செம்பு நிறத்தில் புதுத் தளிர் வரும். மரத்துக்கு என்ன கோளாறு இருந்தாலும் அந்த நேரத்தில் தெரிந்துவிடும் என்பது அப்பாவின் கட்சி. தளிர் விடாத கிளை செத்த கிளை, அதில் பேச்சே கிடையாது. பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருஷம் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறி, பால் மரங்களை அழித்துச் செம்பனை வைத்தபோது நாங்கள் பத்து காஜா ஊரில் தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வந்தோம். அப்பா ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் காக்கும் ஜாகா வேலைக்குப் போனார். உள்ளே வருகிற லாரியின் நம்பரை நோட்டில் எழுதவேண்டும், அவ்வளவுதான். பால் வெட்டும் உளி பிடித்த கைக்கு இது போதுமா? எங்களுடையது மூலை வீடு. பக்கவாட்டில் ஒரு மாமரம் நின்றது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த வருஷம் அந்த மரத்தில் ஒரு பக்கம் தளிர் விடவில்லை. அப்பா மரத்தைச் சுற்றி வந்தார். பாராங் கத்தியின் முதுகால் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டார். தரையிலிருந்து கவை வரைக்கும் பென்சில் கனத்தில் மண் கோடுகள் ஏறியிருந்தன. ஒன்றை நகத்தால் சுரண்டினார். உள்ளே வெள்ளைக் கரையான் ஓடியது. ஏப்ரல் மழைக்கு முன்னால் வெட்டவேண்டும் என்றார்.

அம்மா விடவில்லை. அடிமரத்தில் முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருந்த மண்மேடு அப்பாவுக்குக் கரையான், அம்மாவுக்குப் புற்று. தோட்டத்து அம்மன் கோயிலை விட்டுவிட்டு வந்தவளுக்கு இந்தத் தாமானில் கிடைத்த ஒரே கோயில் அதுதான். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் முட்டையும் பாலும் வைப்பாள். நாகம்மாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அண்ணன் வீட்டுக்கு வரவேண்டும்.

அண்ணன் ஜொகூருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கிருந்து தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை. போகவேண்டாம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை என்றதும், "போனா அப்படியே போயிடு" என்றார். அண்ணனும் அப்படியே போய்விட்டான். இரண்டு பேரும் ஒரே அச்சு. ஞாயிற்றுக்கிழமை அப்பா வேலையில் இருக்கும் நேரம் பார்த்து அம்மாவுக்குப் போன் செய்வான்.

நீ பாலை ஊற்றி வளர்க்கிறாய், அது மரத்தைத் தின்கிறது என்று அப்பா முணுமுணுப்பார். ஆனால் கோடாலியை எடுத்துக்கொண்டு புற்றுக்கிட்டே போக அவருக்கும் துணிச்சல் இல்லை. அவரும் அதே தோட்டத்து ஆள்தானே. கடைசியில், மரம் விழுந்தாலும் வீட்டுமேல் விழாதபடிக்கு, வீட்டுப் பக்கத்துக் கிளைகளை மட்டும் இறக்கினார். முதலில் கிளைக்கு அடியில் ஒரு வெட்டு, பிறகு மேலே ஒரு வெட்டு. அப்போதுதான் பட்டை உரியாதாம். கயிறு கட்டி ஏறி, ஒரே காலையில், ஒரே ஆளாக முடித்துவிட்டு இறங்கி வந்து தேத்தண்ணி குடித்தார்.

ஏப்ரலில் ஒரு சாயங்கால மழையில் மரம் சாய்ந்தது. இடுப்பளவில் முறிந்து, சந்துப் பக்கத்து வேலியை அமுக்கிக்கொண்டு கிடந்தது. யாருக்கும் அடியில்லை. புற்று பிளந்திருந்தது. உள்ளே நாகமும் இல்லை, அம்மா வைத்த முட்டையும் இல்லை, கரையான்தான் நெளிந்தது. அம்மா மழையில் நின்று அழுதாள். மரத்துக்காக அழுகிறாள் என்று நினைத்து, வேறு மரம் வைக்கலாம்மா என்று சமாதானம் சொன்னேன்.

மழை விட்டதும் அப்பா அம்மாவின் போனை வாங்கினார். வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"மரம் விழுந்து கெடக்கு. ஒரு ஆளால முடியாது. வா."

சனிக்கிழமை காலை அண்ணன் தோளில் பையோடு வந்து நின்றான். அம்மா அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அப்பா கோடாலியை நீட்டினார். அன்று முழுக்க இரண்டு பேரும் மரத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். அந்தப் பக்கம் பிடி, இந்தப் பக்கம் இழு. மறுநாள் அடிக்கட்டை மட்டும் மிச்சம் இருந்தது. அண்ணன் அதை நோண்ட ஆரம்பித்ததும் அப்பா தடுத்தார். வேர் காயட்டும், அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார்.

இப்படித்தான் அந்த அடிக்கட்டை எங்கள் வீட்டில் பிள்ளை மாதிரி வளர்ந்தது. மாசத்தில் முதல் சனிக்கிழமை அண்ணன் வருவான். இரண்டு பேரும் ஆளுக்கொரு சங்குல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேரைச் சுற்றி வெட்டுவார்கள். ஐந்து மணி ஆனால் அப்பா நிறுத்திவிடுவார். "மிச்சம் அடுத்த மாசம்." நாலாவது மாசத்தில் வெட்டுவதைவிடக் கட்டைமேல் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். அண்ணன் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டுவதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வான். அங்கே யார் சமைக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறாய் என்று அப்பா மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்பார். அம்மா அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள்.

எனக்குத்தான் எரிச்சல். அண்ணன் வருகிறான், கட்டையோடு கட்டையாக இருக்கிறான், போகிறான். என்னை ஈப்போவுக்குக் கூட்டிப்போய்ப் படம் காட்டி, செண்டோல் வாங்கித் தருவதாக முதல் மாசமே வாக்குக் கொடுத்திருந்தான். எப்போது கேட்டாலும் ஒரே பதில். "அடிக்கட்ட முடியட்டும் பாப்பா, போலாம்."

ஆறாவது மாசம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். சந்தில் கால்வாய் வெட்ட மண் தோண்டும் இயந்திரம் வந்தது. அம்மா கடைக்குப் போயிருந்தாள். ஓட்டுகிற சீன அங்கிளிடம் போய், எனக்குத் தெரிந்த மலாயில், இந்தக் கட்டையை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன். அப்பா சொன்னாரா என்று கேட்டார். சொன்னார் என்றேன். இரும்புக் கை வேலி விழுந்த இடம் வழியாக உள்ளே வந்து ஒரு நெம்பு நெம்பிக் கட்டையைப் பிடுங்கியது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு மாசமாக இரண்டு ஆம்பிளைகளால் முடியாததை நான் ஒரே ஆளாக முடித்துவிட்டேன்.

அப்பா ஜாகா உடுப்போடு வந்து குழியின் ஓரத்தில் நின்றார். நான் நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். குழிக்குள் எட்டிப் பார்த்து, "நல்லா சுத்தமா எடுத்திருக்கான்லா" என்றார். உடுப்பைக்கூட மாற்றாமல் சங்குலை எடுத்துக் குழியை மூடினார். தேத்தண்ணி ஆறிப் போயிற்று.

"முந்திரிக்கொட்ட, உன்னை யாருடி கேட்டா?" என்று அம்மா மட்டும் கேட்டாள். நல்லது செய்த எனக்கு இதுவா கிடைக்கவேண்டும் என்று அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்ததும் நான்தான் ஓடிப்போய் எடுத்தேன். கட்டை போயாச்சு, இனி உனக்கு வேலையே இல்லை என்று அண்ணனிடம் கத்தினேன். அவன் மெதுவாக, "அப்பா எதாச்சும் சொன்னாரா?" என்றான்.

"நல்லா சுத்தமா எடுத்திருக்கான்னு சொன்னாரு."

"சரி பாப்பா" என்று வைத்துவிட்டான்.

மரங்கள் தளிர் விடுகிற மாசத்தில் இப்போதும் எனக்கு அந்தப் பக்கவாட்டு இடம்தான் நினைவுக்கு வரும். மறுபடி நட்டு வைக்க முடியுமென்றால் அந்தக் கட்டையை நானே என் கையால் நட்டு வைப்பேன். அது கிளை விடவேண்டாம், காய்க்கவேண்டாம். இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும்.

அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை நான் மஞ்சள் கவுன் போட்டு, சப்பாத்து மாட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கே வாசலில் உட்கார்ந்தேன். அம்மா நண்டு வாங்கி வைத்திருந்தாள். அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சமமாகிப்போன மண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தார். பஸ் தாமதம் போலிருக்கிறது என்று பதினோரு மணிக்குச் சொன்னேன். இரண்டு மணிக்கும் சொன்னேன். வேலைதான் முடிந்துவிட்டதே, இனி அண்ணன் வர என்ன தடை என்று எனக்குப் புரியவே இல்லை.