தேயிலைக் கட்டையில் ஒரு பேனா

மரத்துண்டு கைக்கு வந்ததும் இன்னாசிமுத்து முதலில் மோந்து பார்ப்பான். பிறகு வெட்டுவாயில் நாக்கு நுனியை வைத்து எடுப்பான். கண்ணை மூடிக்கொண்டு, ரசத்துக்கு உப்புப் பார்க்கிறவன் மாதிரி சற்று நேரம் இருப்பான். "புளிங்க அக்கா. ரோட்டோரத்துப் புளி. பஸ்ஸுப் பொகை குடிச்சே வளந்திருக்குது" என்று என்னிடம் நீட்டுவான். எனக்கு விறகு வாசம்தான் வரும். "ஆமாப்பா, கண்டக்டர் வாசங்கூட அடிக்குது" என்று சொல்லி வைப்பேன். சிரிக்க மாட்டான். மரத்தைப் பற்றிப் பேசும்போது அவனுக்குச் சிரிப்பு வராது.

இப்போது மோந்து பார்ப்பதோடு சரி. அவனுடைய லேத்து மிஷினின் பெல்ட்டைக் கழற்றி அற்புதம் அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறாள். அற்புதம் அவன் பெண்சாதி. அரிசி அளக்கும்போதெல்லாம் அந்தக் கறுப்பு ரப்பர் கையில் தட்டும். எடுத்து ஓரம் வைத்துவிட்டு, அளந்த பிறகு மறுபடியும் உள்ளே புதைத்துவிடுவாள்.

இன்னாசிமுத்து எனக்குச் சித்தப்பா மகன். சித்தப்பா வால்பாறை எஸ்டேட்டில் செடிக்கு மருந்தடித்தவர். சின்னம்மா கொழுந்து பறித்தவள். லைன் வீட்டில் பிறந்த பிள்ளைகளில் தங்கினது இவன் ஒருத்தன்தான். மீசை அரும்பும் முன்பே மலையிறங்கி வந்து, பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் மரவேலைக்குச் சேர்ந்தான். தலை நரைத்து வெளியே வருகிறவரை அங்கேதான் இருந்தான்.

பம்புக் கம்பெனியில் மரத்துக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. உட்கார வைத்து, காபி கொடுத்து, முழுக்கச் சொல்லாமல் விடமாட்டான். இரும்பில் பம்பு வார்க்கும் முன்னால் அதே பம்பை மரத்தில் செய்ய வேண்டும். அதற்குப் பேட்டர்ன் என்று பெயர். அதை மணலில் புதைத்து எடுத்தால் அதே அளவில் குழி விழும். ஃபவுண்ட்ரி என்கிற வார்ப்படக் கூடத்தில் அந்தக் குழியில்தான் உருக்கின இரும்பை ஊற்றுவார்கள். பம்புக்குள் ஓட்டை வர வேண்டுமே என்று மரத்தைக் குடையக் கூடாது. ஓட்டை வருகிற இடத்தில் மணலாலேயே ஒரு உருளை செய்து வைப்பார்கள். அதுதான் கோர். அது உட்காருகிற முனைக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துக் காட்டிவிட்டால் மரக்காரன் சோலி முடிந்தது. "ஓட்டை போடறது நம்ம வேலை இல்லீங்க, ஃபவுண்ட்ரிக்காரன் வேலை" என்று முடிப்பான். வந்த ஒறம்பரைச் சொந்தங்களில் பாதிப் பேர் அதற்குள் காபி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வேலையிலிருந்து நின்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு சின்ன லேத்தைப் பிடித்து வந்து, ஸ்கூட்டர் நின்ற தகரக் கொட்டகையில் போட்டான். அதை ஓட்டுவதற்கு வீட்டு வெட் கிரைண்டரின் மோட்டாரைக் கழற்றினான். அன்றிலிருந்து அற்புதம் கடையில் மாவு வாங்குகிறாள். மிஷின் ஓடினால் மாவாட்டுகிற சத்தம்தான் வரும். பின் தெருக் கருப்புசாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்னப்பா இன்னாசி, மாவு பொங்கிருச்சா? நமக்கு ரெண்டு இட்லி ஊத்தறது!" என்று கத்துவான். கருப்புசாமி அதே கம்பெனியில் ஃபவுண்ட்ரியில் இருந்தவன். இவன் மரத்தில் செய்ததை அவன் மணலில் புதைத்தான். சம்பந்தி முறை மாதிரி இருவருக்குள்ளும் ஓயாத கேலி.

அந்த மிஷினில் அவன் கடைந்தது பேனா. பேனா மட்டும்தான். மரத்துண்டின் நடுவே துளை போட்டு, அதற்குள் பித்தளைக் குழாயைப் பசை வைத்து இறக்கி, ஒரு நாள் காய விடுவான். மறுநாள் சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டுவான். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு உளியை வைத்தால், மரம் நூல் நூலாக உரிந்து அவன் முழங்கை முடியில் ஒட்டும். முனையும் கிளிப்பும் கூரியரில் வரும். மெழுகு தேய்த்த பிறகு அது பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்கும். ஆனால் இவன் சட்டைப் பையில் மட்டும் பேனா இருக்காது. பேங்கில் கையெழுத்துக் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவரிடம் இரவல் வாங்குவான். "எழுதறதுக்கு நமக்கு என்னங்க கெடக்குது?" என்பான்.

எங்கள் ஒறம்பரையில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மாதா கோயில் ரிஜிஸ்டரில் இன்னாசி செய்த பேனாவில்தான் கையெழுத்து. என் பெரிய மகள் கல்யாணத்தில் ஆரம்பித்த பழக்கம் அது. அன்றைக்குக் கோயில் பேனா மை கக்கி அவள் பட்டுச்சேலையில் கொட்டிவிட்டது. அடுத்த கல்யாணத்துக்கு இவனே ஒன்று செய்து கொண்டு வந்தான். மரத்தை எங்கிருந்தாவது அந்தக் குடும்பத்திலிருந்தே எடுப்பான். என் சின்ன மகளுக்கு எங்கள் அப்பன் படுத்த கட்டிலின் கால். தங்கச்சி மருமகளுக்கு அவள் அம்மா வீட்டுக் கிணற்றோரத்துப் பூவரசு. இரண்டு வீட்டுக்கும் ஆகாமல் நடந்த ஒரு கல்யாணத்துக்கு, இரண்டு வாசல் நிலைக்காலிலும் சுரண்டி எடுத்து ஒட்டிச் செய்தான். பேனாவைச் சின்னப் பெட்டியில் போட்டு மூடிவிட்டால் ரிஜிஸ்டர் மேஜையில் மணப்பெண்தான் திறக்க வேண்டும். அதுவரை யாரும் பார்க்கக் கூடாது. இதெல்லாம் அவனாகப் போட்ட சட்டம்.

போன ஐப்பசியில், மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அற்புதம் என் வீட்டுக்கு வந்தாள். குடையை மடக்கவில்லை. விரித்தபடியே தாழ்வாரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, அவருக்கு என்னமோ ஆவுதுங்க."

"சளியா?"

"தலைங்க அண்ணி. தலைல. காலைல எந்திரிச்சு, இன்னைக்கு எந்த ஷிஃப்ட்டுன்னு கேக்கறாரு. மொதல்ல வெளையாட்டுன்னு நெனச்சுட்டு, ராத்திரி ஷிஃப்ட்டு, போய்ப் படுங்கன்னு சொல்லிப்போட்டேன். படுத்துட்டாருங்க. நெசமாலுமே படுத்துட்டாரு."

ஜோவிதாவின் கல்யாணப் பேனாவுக்கு மரம் எடுக்க அவன் தனியாக வால்பாறை போயிருக்கிறான். ஜோவிதா அவர்களுடைய ஒரே மகள். தன் அம்மா கொழுந்து பறித்த காட்டில் பழைய தேயிலைச் செடியைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதில் ஒரு கட்டை வேண்டுமென்று கிளம்பிப் போனவன், திரும்பும்போது பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டான். ஒரு டீக்கடைக்காரர் இவன் போனை வாங்கி அற்புதத்தைக் கூப்பிட்டிருக்கிறார். "கட்டைய மட்டும் மடிய விட்டு எறக்க மாட்டீங்கறாருங்க அம்மா. கொழந்தை மாதிரி வெச்சிருக்கறாரு" என்றாராம்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது" என்றேன்.

"எங்க போறதுங்க? இவ வேலை செய்யறதே ஆஸ்பத்திரி. எங்க போனாலும் இவளுக்குத் தெரிஞ்சவங்க இருக்கறாங்க. தெரிஞ்சா முடிஞ்சுதுங்க அண்ணி. கல்யாணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு உக்காந்துக்குவா."

அது உண்மை. ஜோவிதா பிசியோதெரபி படித்தவள். வந்த இரண்டு வரன்களையும், அப்பா அம்மாவை யார் பார்ப்பது என்று தட்டிக் கழித்தவள். மேட்டுப்பாளையத்து ஜெஃபின் நல்ல பையன். மஸ்கட்டில் வேலை. கல்யாணம் ஆனதும் கூட்டிப் போவதாகப் பேச்சு. வயது ஏறிக்கொண்டே போகிற பெண் முதல் தடவையாகச் சரி என்று சொல்லியிருந்தாள்.

"கல்யாணம் வரைக்கும் ஓட்டிப்போட்டாப் போதுங்க. அப்புறம் அவ பிளேன் ஏறிட்டான்னா நான் பாத்துக்குவேன்" என்றாள் அற்புதம். பிறகு, "பேனா இன்னும் கரெக்டாத்தாங்க செய்யறாரு. செஞ்சு வெக்கற ஒவ்வொண்ணையும் காலண்டர் அட்டைல கிறுக்கிப் பாக்கறேன். எழுதுது. பேனா எழுதற வரைக்கும் மண்டை சரியாத்தான் இருக்கோணும், இல்லீங்களா அண்ணி?" என்று என் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு அவன் வேறு பேனா செய்யவில்லை. தேயிலைக் கட்டை ஒன்றுதான். காய வைத்தான், திருப்பி வைத்தான், அறுத்தான். நான் போனபோது கொட்டகையில் மாவாட்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் உடம்பால் மறைத்துக்கொண்டான். "ஏனுங்க அக்கா, பொண்ணு ஊட்டு அத்தையே இப்புடிப் பண்ணுனா எப்புடி? ரிஜிஸ்டர்ல பாத்துக்குங்க" என்றான். ஒரு குறையும் இல்லாத பேச்சு. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அற்புதம் சும்மா பயப்படுகிறாள் என்று நினைத்தபடி பஸ் ஏறினேன்.

கல்யாணம் தை மாதம். காலையில் கோயிலுக்குக் கிளம்பும் முன் அற்புதம் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள். அவள் கையில் அந்தப் பெட்டி.

"குளிக்கப் போயிருக்கறாருங்க. தொறந்து பாக்கட்டுங்களா?"

"பாரேன்."

காதருகே வைத்து லேசாக ஆட்டினாள். உள்ளங்கையில் எடை பார்த்தாள். மூடியில் நகத்தை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள். "தெகிரியம் வல்லீங்க அண்ணி" என்று சொல்லி, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

பூசை நன்றாக நடந்தது. மோதிரம் மாற்றி, தாலி கட்டி, எல்லாம் முடிந்து பீடத்துக்குப் பக்கத்து மேஜையில் ரிஜிஸ்டரை விரித்தார்கள். எங்கள் கோயில் ஃபாதருக்கும் இந்த வழக்கம் தெரியும். "எங்க இன்னாசி பேனா?" என்று அவரே கேட்டார். இன்னாசிமுத்து பட்டுச் சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்து மகள் கையில் வைத்தான். போட்டோக்காரன் கிட்டே வந்தான்.

ஜோவிதா திறந்தாள். கருந்தேன் நிறத்தில், நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓட, தொட்டால் வழுக்குகிற மாதிரி கடைந்த பேனா. அவன் செய்ததிலேயே அழகான பேனா அதுதான். அவள் மூடியைக் கழற்றப் பார்த்தாள். மூடி வரவில்லை. திருகிப் பார்த்தாள். "அந்தப் பக்கம் திருகோணும் போல" என்று ஜெஃபின் வாங்கித் திருகினான். அது எந்தப் பக்கமும் திரும்பவில்லை. கிளிப் இல்லை, முனை இல்லை, துளை இல்லை. முழுக் கட்டை. இரண்டு முனையிலும் விரற்கடை அளவுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது.

கருப்புசாமி எட்டிப் பார்த்துவிட்டுக் கைகொட்டினான். "அட, பேட்டர்னு! ஏம்ப்பா இன்னாசி, மாப்பிள்ளைய ஃபவுண்ட்ரிக்குப் போயிக் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் கேலி தெரிந்ததுதானே. ஃபாதரும் சிரித்தார்.

"நாளைக்கு வார்த்துருவாங்கல்லோ" என்றான் இன்னாசிமுத்து. நிதானமாகத்தான் சொன்னான். "கோர் வெச்சா ஓட்டை தானா வந்துரும். உனக்குத் தெரியாததா? ஓட்டை போடறது நம்ம வேலையா?"

கருப்புசாமியின் சிரிப்பு வாயிலேயே நின்றது. இன்னாசியின் முகத்தைப் பார்த்தான். பிறகு அற்புதத்தைப் பார்த்தான். அற்புதம் யாரையும் பார்க்கவில்லை. மாதா சுரூபத்தின் காலடியில் எரிந்த மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பருந்தும்மா?" என்றாள் ஜோவிதா.

"கையெழுத்துப் போடு கண்ணு. ஒறம்பரையெல்லாம் நிக்குது."

"எப்பருந்துன்னு கேட்டேன்."

"மொதல்ல போடு கண்ணு."

ஒரு பெண் தாலி ஏறின கையோடு அப்படி நிற்பதை நான் பார்த்ததில்லை. பேனாவையும் பார்க்காமல் புருஷனையும் பார்க்காமல் நின்றாள். ஜெஃபின் பையில் கைவிட்டுத் தன் பேனாவை எடுக்கப் போனான். அவள் தடுத்தாள். ஃபாதரின் மேஜையில் கிடந்த பிளாஸ்டிக் பேனாவை எடுத்துத் திருகி, உள்ளே இருந்த ரீஃபிலை உருவினாள். தேயிலைக் கட்டையின் பக்கத்தில் அதை ஒட்டி வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள்.

"அப்பா, இங்க வந்து நில்லுங்க" என்றாள்.

அவன் வந்து நின்றான். அவள் எழுதினாள். அவள் பெயர் கோணிக்கொண்டு போயிற்று. ஜெஃபினும் அதே மாதிரிப் பிடித்து எழுதினான். பெரிய கை, ரீஃபில் நழுவி நீலக் கோடு ஒன்று கட்டத்துக்கு வெளியே ஓடியது. போட்டோக்காரன் எடுத்துக்கொண்டே இருந்தான்.

"குடு கண்ணு, எப்புடி எழுதுதுன்னு பாக்கறேன்" என்று இன்னாசிமுத்து கை நீட்டினான். ஜோவிதா கட்டையைக் கொடுத்தாள். ரீஃபிலை உள்ளங்கைக்குள் மூடப் பார்த்தாள். மூட முடியவில்லை, அது நீளம். விரல்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்ததை அவன் பார்த்தான். அவள் விரலில் ஒட்டியிருந்த மையைப் பார்த்தான். பிறகு தன் கையில் இருந்ததைப் பார்த்தான். கறுப்பு முனையில் அவன் கட்டைவிரல் துளையைத் தேடித் தடவியது. அழுத்திப் பார்த்தது. அங்கே இல்லை என்றதும், பேனாவை மெதுவாகத் திருப்பிப் பிடித்து, அடுத்த முனையில் தேடத் தொடங்கியது.