அட்டை மேல் வைத்த கட்டைவிரல்

என் கடைவாய்ப் பல் ஒன்றில் வெள்ளி அடைப்பு இருக்கிறது. எட்டு வயதில் வைத்தது. போன மாதம் ஈசூன் பல் கிளினிக்கில் பேத்தியின் பல்லைக் காட்டப் போயிருந்தபோது, அந்தச் சின்னப் பெண் டாக்டர் என் வாயையும் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"பாட்டி, இத எடுத்துட்டு பல்லு கலர்லயே வச்சிடலாம். இருக்கிறதே தெரியாது."

"தெரியட்டும்மா. இந்த வயசுல என்கிட்ட மின்னுறது இது ஒண்ணுதான்" என்றேன். அவள் சிரித்தாள். பேத்தி சிரிக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிடியை எனக்குத் தெரியும்.

அந்த எட்டு வயதில் நாங்கள் சிங்கப்பூரின் வடகோடியில், செம்பவாங் கப்பல் பட்டறையின் டாக்யார்டு குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீடு, ஒரே வேலை. அப்பாவுக்கு நானும் சித்தப்பாவுக்கு ஒரு மகளும் ஒரு மாத இடைவெளியில் பிறந்தோம். இறந்துபோன தங்கள் அம்மாவின் பெயரை அண்ணன் தம்பி இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே ஒரே வீட்டில், ஒரே வகுப்பில், ஒரே பெயரில் இரண்டு பெண்கள். வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். பள்ளிக்கூடக் காகிதங்களில் மட்டும் பெயருக்குப் பின்னால் இன்னார் மகள் என்று அப்பாவின் பெயர் வரும். அதை வைத்துத்தான் எங்களைப் பிரிப்பார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அவள் நன்றாக வாசிப்பாள். டீச்சருக்குத் தொண்டை கட்டினால் பாடத்தை அவள்தான் வாசிப்பாள். எனக்கு எழுத்தெல்லாம் சீனி டப்பாவைச் சுற்றும் எறும்புகள். என் பெயர் தெரியும், அப்பா பெயரின் முதல் எழுத்து தெரியும். அது தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். அதற்கு மேல் படித்து என்ன செய்யப் போகிறோம் என்று விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூட மைதானத்துக்கு அப்பால் ஒரு சிறிய கட்டடம் இருந்தது. அதுதான் பல் கிளினிக். நர்ஸ் ஒருநாள் வகுப்புக்கு வந்து எல்லோர் வாயையும் பார்த்தார். ஓட்டை உள்ள பிள்ளைகளின் பெயரில் அட்டை எழுதப்பட்டது. எனக்குக் கடைவாயில் ஓட்டை. சின்னவளுக்கு முன்பற்கள் இரண்டும் சேருமிடத்தில் கடுகளவு கறுப்பு.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. யாரும் வந்து கூப்பிட மாட்டார்கள். கிளினிக்குக்குப் போன பிள்ளை திரும்பி வரும்போது, அடுத்த பிள்ளையின் அட்டையைக் கையில் கொண்டுவரும். மைதானத்தின் கோடியில் ஒரு தலை தெரியும். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, வெயிலில் மெதுவாக நடந்து வரும். வகுப்பில் ஓட்டைப்பல் உள்ள அத்தனை பேரும் ஜன்னல் வழியாக அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருப்போம். வாசலில் நின்று அந்தப் பிள்ளை வேறு பெயரைச் சொன்னதும் எனக்கு உயிர் வரும். வந்த உயிர் அடுத்த தலை தெரியும் வரைதான் இருக்கும்.

இது போதாதென்று வீட்டில் சித்தப்பா. டாக்யார்டில் கப்பல் தகடுகளில் துளை போடுவது அவர் வேலை. எங்கள் ஓட்டைகளைப் பற்றிக் கேட்டதும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உற்சாகமாகிவிட்டார்.

"நான் கப்பல்ல போடுறேன், அவங்க பல்லுல போடுறாங்க. ஒரே மெஷின்தான் லா. சைஸுதான் சின்னது."

"அப்புறம் சித்தப்பா?"

"அப்புறம் என்ன, வெள்ளிய காய்ச்சி ஊத்துவாங்க. ஆவி வரும். அப்ப மட்டும் நாக்க ஆட்டக் கூடாது. ஆட்டுனா ஒட்டிக்கும்."

"ஒட்டிக்கிட்டா?"

"டாக்யார்டுக்குத்தான் ஆள் அனுப்புவாங்க. நான் வந்து வெட்டி எடுப்பேன்."

சித்தி அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அவர் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் அதைக் கவனிக்கவில்லை. சின்னவள் தன் நாக்கை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு பாயில் படுத்தபடி நாக்கை ஆட்டாமல் இருக்கப் பழகினோம். நான் சீக்கிரம் தூங்கிவிட்டேன். அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் விழித்திருந்தாள் என்று மறுநாள் சித்தி சொன்னாள்.

அது ஒரு புதன்கிழமை. மைதானத்தில் தலை தெரிந்தது. முன்வரிசைப் பெண். டீச்சர் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்து, எங்கள் பெயரைச் சொல்லி, இருவருக்கும் நடுவில் அட்டையை வைத்துவிட்டுப் போனாள். எங்களில் யார் என்று பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. கன்னம் வீங்கியிருந்தது.

நான் பார்த்தேன். தூண்டில் முள். என் அப்பா.

காதுக்குள் வண்டு ரீங்கரித்தது. கை என்னைக் கேட்காமலே ஒரு வேலை செய்தது. கட்டைவிரலை அப்பாவின் பெயர் மேல் வைத்து அழுத்தியபடி, அட்டையைச் சின்னவள் பக்கம் தள்ளிவிட்டது. வியர்வையில் மை கரைந்து என் விரலில் ஒட்டியது.

"உனக்குத்தான் டி" என்றேன்.

அவள் அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எனக்கா?" என்றாள்.

"ஆமா. போ. டீச்சர் பாத்தா திட்டுவாங்க."

அவள் எழுந்து போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரிய மைதானம். நடுவில் போனதும் ஒருமுறை நின்றாள். குனிந்திருந்தாள். செருப்பில் கல் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு நடந்து கிளினிக்குக்குள் போய்விட்டாள்.

தப்பித்தேன் என்ற நினைப்பு ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை. அடுத்த பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. என் அட்டையில் கடைவாய் என்று எழுதியிருக்குமே. நல்ல பல்லைத் துளைத்துவிட்டால்? நாக்கை ஆட்டிவிட்டால்? சித்தப்பா கையில் வெட்டும் கருவியோடு மைதானத்தில் ஓடிவருவது போல் தெரிந்தது. கிளினிக் பக்கமிருந்து ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. டீச்சர் என்னிடம் ஏழு எட்டு என்ன என்று கேட்டார். அழுதுவிட்டேன். கணக்கு வராமல் அழுகிறேன் என்று நினைத்து உட்காரச் சொன்னார்.

ரொம்ப நேரம் கழித்து அவள் வந்தாள். வாய் இறுக மூடியிருந்தது. கண் சிவந்திருந்தது. மேலெல்லாம் கிராம்பு வாசம். அந்த வாசம் பட்டுத்தான் கண் சிவந்திருக்கும் என்று முடிவு செய்தேன். கையில் ஓர் அட்டை இருந்தது. ஒரு ஓரத்தில் மை கரைந்த கறை. அதே அட்டை.

நர்ஸ் கண்டுபிடித்துவிட்டார் என்று புரிந்தது. என் குட்டு உடைந்துவிட்டது.

"உன்னைக் கூப்பிடுறாங்க" என்று உதட்டை அதிகம் அசைக்காமல் சொன்னாள்.

"வலிச்சுதா?"

"இல்ல."

"காய்ச்சி ஊத்துனாங்களா?"

"இல்லக்கா. சும்மா மாவு மாதிரி. பாரேன்."

வாயைத் திறந்தாள். கறுப்புப் புள்ளியைக் காணோம். வெள்ளி இல்லை, துளை இல்லை, கோடு கூட இல்லை. முன்பல் முன்பல்லாகவே இருந்தது.

"குட்டிக் குட்டியா பல்லு மாதிரி வரிசையா வச்சிருக்காங்க" என்றாள். "ஒவ்வொண்ணா என் பல்லுகிட்ட வச்சி எது கலர் சரியா இருக்குன்னு பாத்தாங்க. அம்மா தேக்கா கடையில ரவிக்கைத் துணிக்கு மேட்சிங் பாப்பாங்கள்ல, அது மாதிரி." அவள் அம்மாவான சித்தி மேட்சிங் பார்த்தே மற்றவர்களின் அரைநாளைத் தின்றுவிடுகிறவள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சத்தியமா வலிக்கல?"

"எறும்பு கடிச்ச மாதிரி கூட இல்லக்கா. போயிட்டு வா."

போனேன். கிட்டத்தட்டத் துள்ளிக்கொண்டே போனேன். எனக்கும் மாவு, எனக்கும் மேட்சிங். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்தேன். நர்ஸ் சீனப் பெண்மணி. எங்களோடு மலாயில் பேசுவார். பஞ்சுச் சுருளை என் கன்னத்துக்குள் திணித்துக்கொண்டே, "உன் தங்கச்சி அவளே கேட்டு உனக்கு முன்னாடி உட்கார்ந்தாள், தெரியுமா?" என்றார்.

அதைக் கேட்டு யோசிப்பதற்குள் தலைக்கு மேலே துளை போடும் மெஷினின் கயிறு ஓட ஆரம்பித்தது. சக்கரம் சுற்றியது. ஊசி பல்லைத் தொட்டது.

சித்தப்பா சொன்னதில் பாதி உண்மை என்று அப்போது தெரிந்தது. அந்த அதிர்ச்சி பல்லில் தொடங்கி, காதுக்குப் பின்னால் போய், உச்சந்தலையில் முட்டித் திரும்பியது. எரிந்த எலும்பின் நாற்றம். கத்தினால் நாக்கு அசையும், அசைந்தால் ஒட்டிக்கொள்ளும். கத்தவும் முடியாமல், நாக்கை ஒரு மூலையில் ஒளித்துவைத்து, கைப்பிடியைப் பிய்த்துவிடுவது போலப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரமோ. கடைசியில் அவர் திணித்தது மாவு அல்ல. சாம்பல் நிறத்தில் பளபளத்த எதையோ நறநறவென்று அழுத்தினார். கண்ணாடியில் காட்டினார். வெள்ளி.

கடைவாய்க்கு அதுதான் வைப்பார்கள், பல் நிறத்தில் வைப்பதெல்லாம் முன்பல்லுக்கு மட்டும் என்பது எனக்கு யார் சொல்வது? மைதானத்தைக் கடப்பதற்குள் நான் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டேன். நர்ஸே சொன்னாரே, அவளே கேட்டு முன்னால் உட்கார்ந்தாள் என்று. வெள்ளை மாவு கொஞ்சம்தான் இருந்திருக்கும். அதற்காக முந்திக்கொண்டாள். மிச்சமிருந்த வெள்ளியை எனக்கு வைத்துவிட்டார்கள். வலிக்கவில்லை என்று பொய்யும் சொல்லி என்னை அனுப்பிவைத்தாள். நான் செய்ததை அந்தக் கோபத்தில் சுத்தமாக மறந்துவிட்டேன். மறப்பதில் நான் கெட்டிக்காரி.

ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பாயை வேறு பக்கம் போட்டுக்கொண்டேன். அவள் ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. சித்தப்பாதான் என் பல்லைப் பார்த்து, "வெல்டிங் நல்லாதான் போட்டிருக்காங்க லா" என்றார்.

இப்போது அவள் புக்கிட் மேராவில் இருக்கிறாள். முன்பல்லை எத்தனையோ தடவை மாற்றி அடைத்துவிட்டார்கள். இன்றும் சிரித்தால் எது அடைத்த இடம் என்று சொல்ல முடியாது.

ஈசூன் கிளினிக்கில் பேத்தியிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, கவுண்டரில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். பத்தடிதான் இருக்கும். அந்தப் பத்தடிக்குள் அவள் குனிந்து சீட்டில் இருந்ததை எல்லாம் வாசித்துவிட்டாள். தன் பெயர், அப்பா பெயர், எந்தப் பல், எல்லாம். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் அப்படித்தான், கையில் எதைக் கொடுத்தாலும் வாசித்துவிடும்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அன்றைக்கு நான் மறைத்துத்தான் கொடுத்தேன். ஆனால் கட்டைவிரல் என்னோடு பெஞ்சிலேயே தங்கிவிட்டது. அட்டை அவளோடு போனது. மை லேசாகத்தான் கரைந்திருந்தது. மைதானமோ பெரியது. நடுவில் ஓரிடத்தில் அவள் நின்றாள், குனிந்தாள். பிறகு திரும்பி வராமல், கிளினிக்கைப் பார்த்து நடந்தாள்.