வண்டி விட்டுவைத்த நாலு வரிசை

உரக்காரி என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். இருபது வருடமாக இடுப்பில் உரம் நிரப்பிய பேசினை இடுக்கிக்கொண்டு ஊரார் வயலுக்கெல்லாம் யூரியா வீசியவள். ஒரு பிடிகூட ஒரே இடத்தில் கொட்டாது. அப்படி ஒரு கை. அந்தக் கைதான் இப்போது இடுப்புக்கு மேல் எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. வெளியே சொன்னால் யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

அந்த நேரத்தில்தான் வேளாண்மை ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தள்ளுவண்டி வாங்கி வந்தாள். பெரிய யந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். நீளமாய் ஒரு கைப்பிடி, ஒரு பெட்டி, அடியில் சுழலும் உருளை, அவ்வளவுதான். நெல் வரிசைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனால் யூரியாவை அழுத்திச் செய்த உருண்டைகளை ஒவ்வொன்றாகச் சேற்றுக்குள் புதைக்கும். கையைத் தூக்க வேண்டியதே இல்லை! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முதல் வயலைக் கொடுத்தவள் நாத்தனார், புருஷனின் அக்கா. அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள் யாருமில்லை.

“பயிர் கெட்டுதோ, அப்புறம் இந்த வரப்புலயே உன்னை ஏற விடமாட்டேன், பாத்துக்கோ.”

அவள் வேண்டாம் என்றால் ஊரே வேண்டாம் என்னும். உரக்காரிக்கு அது நன்றாகவே தெரியும்.

வேலை முடிந்தபோது பெட்டியில் உருண்டை மிச்சம் இருந்தது. “பாத்தீங்களா அண்ணி, வண்டி என்ன சிக்கனம்!” என்று பெருமையாய்த் திருப்பிக் கொடுத்தாள். அசடு! ஈரத்தில் உருண்டைகள் ஒட்டி ஓட்டை அடைத்துக்கொண்டதால் வந்த மிச்சம் அது. வீசும்போது பிடி காலியானால் கைக்கே தெரிந்துவிடும். வண்டி வாயைத் திறந்து சொல்லுமா?

இருபதாம் நாள் குட்டு உடைந்தது. கரும்பச்சை வயலின் நடுவே நாலு வரிசை மட்டும் சோகை பிடித்தாற்போல் வெளுத்து நின்றது. நாத்தனார் ஆளனுப்பி அவளை வயலுக்கு வரவழைத்தாள்.

“மத்ததெல்லாம் கும்முனு இருக்கு, இல்லைங்கல. இந்த நாலு வரிசை என்ன பாவம் பண்ணிச்சு? இந்தா யூரியா. என் கண்ணு முன்னாலயே கையால வீசு.”

உரக்காரி பேசினை வாங்கிக்கொண்டு இறங்கினாள். ஒரு பிடி அள்ளினாள். பல்லைக் கடித்துக்கொண்டு வீசினாள். யூரியா அவள் காலடியிலேயே கொட்டியது. இன்னொரு பிடி. அதுவும் அங்கேயே.

நாத்தனாரின் பார்வை அவள் கைக்குப் போனது.

“எத்தனை நாளா இப்படி?”

“மூணு போகமா, அண்ணி.”

“அப்போ போன போகம் என் வயலுக்கும் இந்தக் கையாலதான் போட்டியா?”

“ஆமா. அப்போ இவ்வளவு மோசமில்ல, வலியப் பொறுத்துக்கிட்டு வீசினேன்.”

திட்டத்தான் வாயைத் திறந்தாள் நாத்தனார். ஆனால் சேறு என்றால் பத்தடி தள்ளி நிற்கிற மனுஷி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள்.

“மசமசன்னு நிக்காதே. போய் வண்டியக் கொண்டா, அன்னிக்கு மிஞ்சின உருண்டை என் வீட்ல இருக்கு. நீ தள்ளு. ஓட்டை அடைக்குதான்னு நான் கூடவே வந்து பாக்கறேன்.”

உரக்காரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டேதான் நாலு வரிசையும் தள்ளினாள்.