கட்டைச் செருப்பும் ஒற்றைக் காலும்

காதில் அறை வாங்கி, அதன்பின் நேராக நிற்க முடியாமல் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் எனக்கு நட்டமில்லை.

முதல் அறிகுறி ஒரு சீழ்க்கைச் சத்தம். பெரட்டுக் களத்தில் (விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடம்) கங்காணி என்னை இடது காதோடு சேர்த்து அறைந்தான். காலில் புண் என்பதால் அன்று கட்டைச் செருப்போடு போயிருந்தேன். கங்காணி முன்னால் செருப்புப் போடக் கூடாது என்பது எங்கள் ரப்பர் தோட்டத்துச் சட்டம். குனிந்து கழற்றிக்கொண்டுதான் இருந்தேன். "என் முன்னாடியே செருப்பாடா?" என்றான். காதுக்குள் சீழ்க்கை; பிறகு நான் மண்ணில் கிடந்தேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் (டாக்டர் இல்லாத இடத்தில் மருந்து பார்ப்பவர்) காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "செவிப்பறை (காதுக்குள் இருக்கும் மெல்லிய தோல்) கிழிஞ்சிருக்கு. தலைசுத்து நிக்கலாம், நிக்காமலும் போகலாம். மரத்துல மோதிக்கிட்டேன்னு எழுதிக்கிறேன், சரியா?" வலியைவிட அந்த மரம்தான் எனக்கு ஆறவேயில்லை.

காது சீழ் வைத்து ஆறியது. தலைசுற்றல் நிற்கவில்லை. பால் வெட்டக் குனிந்தால் மரங்கள் சாய்ந்தன. என் நிரையையும் (எனக்கு ஒதுக்கிய மர வரிசை) மனைவி அஞ்சலையே சேர்த்து வெட்டினாள். கங்காணி என்னைப் பார்க்கும்போதெல்லாம் குடிகாரனைப்போல் தள்ளாடிக் காட்டுவான்; சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

அவனை அதே களத்தில், அதே செருப்பால் அடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். போட்டுக்கொண்டு போனால் கழற்றச் சொல்வான். நான் கழற்றுவேன். ஆனால் குனிந்தால் விழுவேன். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைக் கைக்குத் தூக்க வேண்டும். எனக்கோ இரண்டு காலிலேயே நிற்க முடியவில்லை.

தோட்டத்து எல்லையில் கீரை பயிரிட்ட ஆ சூன் என்ற சீனன், என் வயதுக்காரன், விடிந்ததும் பாத்திகளுக்கு நடுவே காற்றைத் தடவுவதுபோல் கைகளை அசைப்பான். அதற்குத் தாய்ச்சி என்று பெயர் சொன்னான். தலைசுற்றலுக்கும் மன அமைதிக்கும் என்று பாதிப் பொய் சொல்லிச் சேர்ந்துகொண்டேன்.

எங்களுக்குள் மலாய்ப் பேச்சுதான். "பெலான் பெலான்லா" (மெதுவாக) என்பான். முழங்காலைத் தளர்த்தி, எடை முழுவதையும் ஒரு காலுக்கு மாற்றி, மற்றதைத் தூக்க வேண்டும். முதல் மாதம் கீரைப் பாத்தியில்தான் கிடந்தேன். கங்காணியின் மீசை நினைவுக்கு வந்தால் உடனே விழுவேன். ஆ சூன் கண்டுபிடித்துவிட்டான். "மாரா, ஜாத்தோ" என்றான்: கோபப்பட்டால் விழுவாய்.

கோபத்தை விட என்னால் முடியாது, விடவும் மாட்டேன். தலையிலிருந்து இறக்கி உள்ளங்காலில் வைத்துக்கொண்டேன். பத்து மூச்சு நின்றேன், பிறகு இருபது.

"ரொம்ப அமைதியாயிட்டீங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றாள் அஞ்சலை. விஷயத்தைச் சொன்னேன். "தோட்டத்த விட்டே தொரத்திருவாங்க" என்றாள். அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். "சட்டிபானைய கட்டி வச்சிர்றேன். வலது செருப்புல வார் அறுந்திருக்கு. இடதால அடிங்க."

மறுநாள் பெரட்டில் செருப்போடு நின்றேன். "கழட்டுடா" என்றான் கங்காணி. எடையை வலது காலில் இறக்கி, இடது காலை மெதுவாக உயர்த்தினேன். வேகமாகச் செய்ய எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. வரிசை முழுவதும் என் காலையே பார்த்தது. செருப்பு என் கைக்கு வந்தபோதுதான் அவனுக்குப் புரிந்தது. அத்தனை பேர் முன்னால் ஓர் அடி பின்வாங்கினான். நான் ஓர் அடி முன்வைத்து, அவன் இடது காதோடு சேர்த்து அடித்தேன்.

அன்று மதியமே எங்களை வெளியேற்றினார்கள். இப்போது தம்போய்ப் பக்கம் செங்கல் சூளையில் வேலை. இடது காது கேட்பதில்லை. மழை நாளில் தரை இன்னும் சாய்கிறது. அமைதி கிடைத்ததா என்று கேட்டால், கிடைத்தது, அடித்த பிறகு.

இன்றும் விடிந்ததும் வலது காலில் நிற்கிறேன். கடிகாரம் இல்லை, மூச்சுதான் கணக்கு. பத்தாவது மூச்சில், என் கண்முன் கங்காணி அந்த ஓர் அடியைப் பின்னால் வைக்கிறான். இடது காலை இறக்க நான் அவசரப்படுவதில்லை.