வெளிய பாத்த செருப்பு

எனக்கு இந்தப் பேய் பிசாசு, ஆவி கீவி எதுலயும் நம்பிக்கை கெடையாதுங்க. இருவது வருசமா ரிக் வண்டில சுடுகாட்டு ஓரம், முனியப்பன் கோயில் பின்னாடின்னு எங்கெங்கயோ தண்ணிக்குப் போர் போட்டு, அங்கயே துண்ட விரிச்சுப் படுத்தவன் நான். எவனாச்சும் ஆவிக்கதை ஆரம்பிச்சா 'அடப் போய்யா'ன்னு எந்திரிச்சுப் போயிருவேன். நீங்களும் எங்கிட்ட அதையே சொல்லலாம், சொல்லிக்குங்க. நடந்தது நடந்ததுதான்.

எங்கூரு நாமகிரிப்பேட்டைப் பக்கம். சம்சாரம் பேரு சரசு. எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க, அவளுக்கு நான், எனக்கு அவ. ரிக்குக்குப் போனா மூணு மாசம் நாலு மாசம் ஊடு திரும்ப மாட்டேன். வந்ததும் செருப்ப வாசல்ல உதறி எறிஞ்சுட்டு உள்ள போயிருவேன். அவ எடுத்து சோடியா, மூஞ்சி ஊட்டுக்குள்ள பாக்கற மாதிரி வெப்பா. 'செருப்பு வெளிய பாத்தா நீங்களும் வெளியவே பாப்பீங்க மாமா'ம்பா. பதினெட்டு வருசம், ஒரு நாளும் மாத்தி வெச்சதில்ல.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில மளிகைக்கடை வெச்சிருக்கிற ஜெயராஜ் எனக்குப் பழக்கம், சர்ச்சுக்குப் போற குடும்பம். ஆப்பிரிக்காவுல மலாவி நாட்டுல ஒரு ஊரு, பொம்பளைங்க தண்ணிக்குக் காத தூரம் நடக்கறாங்க, ரிக்கு நிக்குது, ஓட்ட ஆளில்ல, சேவையா ரெண்டு மாசம் போயிட்டு வாரீங்களான்னான். சரின்னுட்டேன். சரசுவுக்கு வந்துச்சே ஆத்திரம், 'வந்து பத்து நாளாவல, மறுபடியுமா'ன்னு மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா.

கெளம்பற அன்னிக்கும் செருப்பு உள்ள பாத்துத்தான் இருந்துச்சு. 'எப்பப் பாரு இதே ரோதனை'ன்னு கத்திட்டு, கால்ல எத்தித் திருப்பி மாட்டிக்கிட்டுப் போனேன். எப்பவும் 'போயிட்டு வாங்க'ன்னு வாசல்ல வந்து நிப்பா. அன்னிக்கு நிக்கல. நானும் திரும்பிப் பாக்கல, பாவி.

அஞ்சாவது வாரம் மச்சினன் போன் பண்ணுனான். 'மாமா, அக்கா போயிருச்சுங்க மாமா'ன்னான். காலைல நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவ எந்திரிக்கல. அங்க ஒரே மழை, ஆறு ரோட்ட மூடிக்கிச்சு, டவுனுக்குப் போவ நாலு நாளாவும்னாங்க. எவ்வளவு நாள் ஐஸ் பொட்டில வெச்சிருப்பாங்க? 'எடுத்துருங்கடா'ன்னு என் வாயாலயே சொன்னேன். கட்டுனவளுக்கு ஒரு கை வாய்க்கரிசி போட நாதியத்துப் போயிட்டேன்.

ஊருல அவளை எடுக்கற அதே நேரம், பட்டப்பகல்ல, நான் பாட்டுக்கு அங்க ரோட்டுல நடந்தேன். தகரம் போட்ட சின்ன சர்ச் ஒண்ணு தெறந்திருந்துச்சு. அந்த ஊருல யாரும் செருப்பக் கழட்டறதில்ல, மொத ஞாயித்துக்கெழமை நான் கழட்டுனதுக்கே சிரிச்சாங்க. அன்னிக்கும் பழக்கதோசத்துல படியில உதறி எறிஞ்சுட்டுத்தான் உள்ள போனேன், ஒண்ணு ஒரு பக்கம் கவுந்து உழுந்துச்சு. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது.

உள்ள பாஸ்டரும், பாட்டுப் பழகிக்கிட்டிருந்த மூணு பொம்பளைங்களும், அவ்வளவுதான். நான் உக்காந்து அழுவறதப் பாத்து அந்த மூணு பொம்பளைங்களும் வந்து சுத்தி உக்காந்து, ஒரு அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, பாடுனாங்க. பாசை புரியல. ஆனா எழவு ஊட்டுல நம்ம பொம்பளைங்க கட்டிப்புடிச்சு அழுவாங்களே, அதே ஏத்தம் எறக்கம். வெளிய மழை அடிச்சு ஊத்துது. 'தப்புத்தான் புள்ள, ஒரு வார்த்த சொல்லீட்டுப் போயிருக்கக் கூடாதா'ன்னு சரசுவ நெனச்சு நான் வாய் உட்டுக் கேட்டேன். கேட்டதுக்கப்பறம், நம்புனா நம்புங்க, நெஞ்சுல இருந்த பாரம் கொஞ்சம் எறங்குச்சு.

மழை உட்டதும் வெளிய வந்தேன். படியெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். அதுல என் செருப்பு, சோடியா, வெளிய பாத்து இருந்துச்சுங்க. குனிஞ்சு தொட்டேன், பொட்டு ஈரம் இல்ல. முன்னாடி செம்மண் சேறு, அதுல ஒரு காலடி இல்ல. பாஸ்டரைக் கூப்புட்டு எனக்குத் தெரிஞ்ச அரைகொறை இங்கிலீசுல கேட்டா, 'நாம எல்லாருமே உள்ளதான இருந்தோம்'ங்கறாரு. பதினெட்டு வருசத்துல வெளிய பாத்து வெக்காதவ. அன்னிக்கு வாசல்ல சொல்லாதத, போயிட்டு வாங்கன்னு அங்க வந்து சொல்லீட்டா, சாமி. அந்தப் படியிலயே உக்காந்து சத்தமில்லாம அழுதேன்.

ஊருக்கு வந்து ஒரு வருசம் ஆவப்போவுது. இப்பவும் வேணும்னே செருப்ப வாசல்ல உதறி எறிஞ்சுட்டுத்தான் உள்ள போறேன். காலைல கதவத் தெறந்தா மொதல்ல அதைத்தான் பாக்கறேன். அத்தனை கடல் தாண்டி அங்க வந்தவளுக்கு, சொந்த ஊட்டு வாசல் ஏன் தெரியலன்னு எனக்கு வெளங்கவே இல்ல. எப்படி எறிஞ்சனோ அப்படியே கெடக்குதுங்க.