மாத்திரைக்கு ஒரு கையெழுத்து

வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறவன் என்றுதான் உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். இன்று தூங்காமல் எழுந்து நிற்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

2001, மழைக்காலம். அப்போது நாங்கள் தாபோடியில் இருந்தோம். எங்கள் மகள் ஜெமிமாவுக்கு ஆறு வயது. அவளுக்கு வலிப்பு உண்டு. காலையும் சாயங்காலமும் ஒவ்வொரு மாத்திரை; ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கு சாகணில் ஒரு கம்பெனியில் மெஷின் வேலை. வார விடுமுறை வியாழன், அதோடு ஷிப்டும் மாறும். என் மனைவி எஸ்தர் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். அவளுக்குத் திங்கட்கிழமை ஷிப்ட் மாறும். இரண்டு பேருடைய வாரமும் ஒருநாளும் ஒன்றாகத் தொடங்கியதில்லை. ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மற்றவர் மாட்டிக்கொண்டிருப்போம்.

ஒருமுறை இரண்டு பேருமே மாத்திரை கொடுத்துவிட்டோம். பிள்ளை நாள் முழுவதும் சுருண்டு கிடந்தாள். அந்தப் பயத்தில், அடுத்தவர் கொடுத்திருப்பார் என்று நானும் விட்டேன், அவளும் விட்டாள். இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை, பள்ளிக்கூட வரிசையில் நின்றுகொண்டிருந்த பிள்ளை அப்படியே விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. கடைசி மாத்திரை எப்போது கொடுத்தீர்கள்? நான் எஸ்தரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"நீ குடுக்கலையா?"

"நீங்க குடுத்திருப்பீங்கன்னுல்லா நெனச்சேன்."

அவள் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வேளை தவறாமல் மருந்து கொடுக்கிறவள். அதைச் சொல்லிக் காட்டினேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். நான் மாடிப்படியில் போய் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, இந்த வியாதியை இன்றைக்கே எடுத்துப்போடும், இல்லாவிட்டால் என்னை எடுத்துக்கொள்ளும் என்று கதறினேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்தாள். ஆனால் வியாதி போகவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள். எனக்கு ஆண்டவர்மேல் கோபம். உண்மையைச் சொல்கிறேன், ஒரு வாரம் ஜெபிக்கவே இல்லை.

அந்த வாரம் எனக்கு மத்தியான ஷிப்ட். நான் போய் நின்றதும் முந்தின ஷிப்ட்காரர் ஜாதவ் ரிஜிஸ்டரை நீட்டினார். முடிந்த வேலை என்ன, மீதி என்ன என்று போகிறவர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். வருகிறவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷினில் கை வைக்கலாம். வருஷக்கணக்கில் நான் படிக்காமலே கிறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தவன். அன்று ஜாதவ் விடவில்லை. ரிஜிஸ்டரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மராத்தியில் சொன்னார்.

"ஆதீ வாச், மக் சஹீ கர்."

முதலில் படி, பிறகு கையெழுத்துப் போடு. அவ்வளவுதான் சொன்னார். ஓர் இரும்பு மெஷினைக் கைமாற்ற எழுத்து உண்டு, கையெழுத்து உண்டு. நான் பெற்ற பிள்ளையை வாசல்படியில் ஒரு வார்த்தைகூட இல்லாமல் கைமாற்றிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் கேட்ட ஜெபத்துக்குப் பதில் இதுதான் என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. நான் அற்புதம் கேட்டேன். ஆண்டவர் எனக்கு ஒரு நோட்டைக் காட்டினார்.

மறுநாளே இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். முடிந்தது, மீதி, கையெழுத்து. எஸ்தர் புரட்டிப் பார்த்தாள். "இது வீடா, உங்க கம்பெனியா?" என்றாள். ஆனாலும் முதல் கையெழுத்து அவளுடையதுதான்.

ஆரம்ப சூரத்தனத்தில் நான் ஒரே நாளுக்குப் பதினான்கு வேலை எழுதினேன். நான்குகூட முடியவில்லை. பிறகு ஜெபித்துப் புத்தி தெளிந்தேன். மாத்திரை முதலில், அதற்கப்புறம் மூன்றே வேலை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபியுங்கள் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். நைட் ஷிப்டில் அது நான் மெஷின் முன்னால் நிற்கிற நேரம். அதனால் மணியைப் பார்ப்பதை விட்டேன். எப்போது தூங்கி எழுகிறேனோ அப்போது முகம் கழுவி, நோட்டைத் திறந்து வைத்து, ஒவ்வொரு வரியையும் ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத்தான் டீ. பத்து நிமிஷம்தான் ஆகும். அந்தப் பத்து நிமிஷம் என் நாளையே மாற்றியது. வேலையில் கவனம் நின்றது. எங்கள் சண்டையும் பாதியாகக் குறைந்தது, கேட்க வேண்டியதெல்லாம் எழுதியே இருந்ததால்.

அதற்குப் பிறகு ஒரு வேளை மாத்திரையும் தவறவில்லை. வலிப்பும் வரவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், நான்கு வருஷம். டாக்டர் பரிசோதித்துப் பார்த்து மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். போன மாதம் நிறுத்தியே விட்டார். நாங்களாக ஒரு நாளும் நிறுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரையை நிறுத்திய அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். எத்தனையாவது நோட்டோ. மாத்திரை என்கிற வரியை ஜெமிமா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்திருந்தாள். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவாள், எழுத வராது. மீதி என்ற இடத்தில் மராத்தியில் ஒரு வரி எழுதியிருந்தாள். "தேவாச்சே ஆபார் மானாயச்சே ராஹிலே." ஆண்டவருக்கு நன்றி சொல்வது மீதி இருக்கிறது.

நானும் எஸ்தரும் நோட்டை வைத்துக்கொண்டு அழுதோம். பிள்ளைதான் பயந்துவிட்டாள். "அப்பா, நான் தப்பு எழுதிட்டேனா?" என்றாள். இல்லை மகளே, நாங்கள்தான் இத்தனை நாள் அதை எழுதாமல் விட்டிருந்தோம்.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு பாரம் இருக்கும். முழங்காலில் நின்று கேளுங்கள். கேட்ட பிறகு கண்ணைத் திறந்து வைத்திருங்கள். பதில் உங்கள் கையில் தினமும் புழங்குகிற பொருளாகக்கூட இருக்கலாம்.

அந்த வரிக்கு இன்னும் நான் கையெழுத்துப் போடவில்லை. வேலை முடியாமல் போடக்கூடாது அல்லவா. இப்போது உங்கள் எல்லாருக்கும் முன்னால் அவருக்கு நன்றி சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் போட்டுவிடுவேன்.